கூரும் மெத்தையும்

ஜூன் 2, திங்கள்

ஸ்பீக்கர் ஸ்டாண்டின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. பெட்டியின் தலையில் விரல் வைத்துத் தள்ளினால் ஆடுகிறது. தவிலின் தொப்பிப் பக்கம் முழங்கும் இடங்களில் அந்தக் கால் டைலில் படபடவென்று தட்டுகிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பார்வைக்குச் சமமாகத் தெரியும் தரையில், ஒரு டைலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சின்ன ஏற்றம்.

இதற்கென்றே கூர்முனைக் கால்கள் கடைகளில் கிடைக்கின்றன; நல்ல ஜோடி என்றால் விலை ஆயிரங்களில். அதிர்வு அந்தக் கூர் வழியாகத் தரையில் இறங்கிவிடும், திரும்பி ஏறாது என்று சொல்லி விற்கிறார்கள். இரும்புக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. இறங்கிய வழியிலேயே அதிர்வு ஏறவும் செய்யும். கூர்முனை உண்மையில் உதவுவது கம்பளம் விரித்த வீடுகளில்தான்: கம்பளத்தின் இழைகளை விலக்கி, அடியிலிருக்கும் கெட்டித் தரையை அது பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கம்பளம் எங்கே இருக்கிறது? நமக்கு அதன் பயன் வேறு. திருகி ஏற்றி இறக்கி மட்டம் பார்க்கலாம். அதற்கு ஒரு போல்டே போதும்.

ஜூன் 5, வியாழன்

கோட்டாறில் 8 எம்எம் போல்டும் நட்டும் வாங்கினேன். எடை போட்டுத்தான் தந்தார்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் காசுகூட ஆகவில்லை. இந்த அளவு போல்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்று திருகினால் ஸ்டாண்ட் அவ்வளவு உயரும், கால் சுற்றுக்கு 0.3 மில்லிமீட்டர். டைல் தரைக்கு இதைவிட நுணுக்கம் வேண்டாம்.

கோணம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் முனை சீவக் கொடுத்தேன். பட்டறைக்காரர் போல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாரே, ஊசி மாதிரி கூரா வேணுமா? டைலு பொத்துப் போவும், பாத்துக்கிடுங்க.”

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி 8 கிலோ, ஸ்டாண்ட் 10 கிலோ. மூன்று கால் என்றால் ஒரு காலுக்கு 6 கிலோ. முனையின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் அந்த இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 760 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. கார் டயர் தரையை அழுத்துவது சுமார் 2 கிலோ அளவில்தான். முனையைச் சற்று மழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முனைக்கும் அடியில் வைக்க இரும்புத் தகட்டுத் துண்டுகளையும் வெட்டிக் கொடுத்து, நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துத் தந்தார். முனை அந்தக் குழியில் உட்கார்ந்தால் வழுக்காது.

கால் மூன்றே போதும். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்காவது வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது. அடித்தட்டில் மூன்று நட்டுகளை வெல்டிங் வைத்தாயிற்று, இரண்டு முன்னால், ஒன்று பின்னால். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வரிசை முக்கியம். பெட்டியைப் பிடித்து இழுக்கும் கை முன்பக்கமிருந்துதான் வரும். பின்னால் சுவர் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

விடாத சாரல். ஸ்டாண்டின் குழாய்க்குள் நிரப்ப வைத்திருந்த ஆற்று மணல் காயவில்லை. பழைய இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தேன். ஈர மணல் உள்ளே போனால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். காய்ந்த மணலை நிரப்பிய பிறகு குழாயைத் தட்டினால் ‘ணங்’ போய் ‘தொப்’ என்கிறது. மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி, அதிர்வைச் சூடாக்கிக் கரைத்துவிடுகின்றன.

கேள்விப்பட்ட நண்பர், “மணவாளக்குறிச்சி கருமணல் போட வேண்டியதுதானே, நல்ல கனம்” என்றார். கனம் உண்மைதான். சாதாரண மணலின் அடர்த்தி 2.65, அந்த மணலில் இருக்கும் இல்மனைட்டுக்கு 4.7 வரும். ஆனால் அதில் மோனசைட்டும் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அதன் பிறகு. கதிர்வீச்சுள்ள மணலைக் கூடத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொண்டுவந்து வைப்பதற்கு எந்தச் சங்கீதமும் காரணமாகாது. கடல் மணலின் உப்பு வேறு இரும்பை அரிக்கும். ஆற்று மணல் போதும்.

ஜூன் 14, சனி

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டாண்ட் அசையவில்லை. ஆனால் பெட்டியின் அதிர்வு இன்னும் ஸ்டாண்டுக்குள் இறங்குகிறது. குழாயில் கை வைத்தால் தெரிகிறது.

கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் குடத்தைக் கவனித்திருப்பார்கள். வில்லைத் தாங்கும் அந்த மண்குடத்தை வெறுந்தரையில் வைக்க மாட்டார்கள், வைக்கோல் முறுக்கிச் செய்த புரிமணை மேல்தான் வைப்பார்கள். குடம் உருளாமல் இருப்பதற்கு மட்டுமில்லை அது. குடத்தின் அதிர்வைத் தரை வாங்கிக்கொள்ளாமல் புரி நடுவில் நிற்கிறது, குடம் முழங்குகிறது. நாஞ்சில் நாட்டுக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்தக் காரியத்தைத்தான் இன்று விலை உயர்ந்த மெத்தைக் கால்களாக விற்கிறார்கள்.

ஆகவே ரப்பர். ரப்பருக்கு நாம் எங்கும் போக வேண்டாம். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கமெல்லாம் தோட்டங்கள். அரசு ரப்பர் கழகம் 1984இலிருந்து நம் குமரி மாவட்டத்தில் இயங்குகிறது. ஆனால் புகைபோட்டு உலர்த்திய ஷீட்டை அப்படியே வெட்டி வைத்தால் பயனில்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்காத ரப்பர் எப்போதும் மேலே பாரம் இருந்தால் நாளாக நாளாகத் தளர்ந்து பரவும், ஒட்டவும் செய்யும். சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்தக் கந்தக வித்தை முடிந்த ரப்பர்தான் வேண்டும். தேய்ந்த ஹவாய் செருப்பு அதற்குத் தோதானது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்கச் செருப்பு வெட்டும் வேலை. ரப்பரை வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள் என்பதுதான். கணக்கு எளிது. பாரத்தின்கீழ் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், அந்த ரப்பர் மேல் பெட்டி எத்தனை ஹெர்ட்ஸில் தானாகக் குதிக்கும் என்று தெரியும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். கெட்டி ரப்பர் 0.1 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால் 50 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டிகளின் அடிநாதம் இருக்கும் இடமே அதுதான், அங்கே ரப்பர் அதிர்வைக் கூட்டிக் கொடுக்கும். அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தடுப்பு தொடங்குகிறது. அதிரும்போது ரப்பர் இன்னும் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால், 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே அமுங்கட்டும்.

பெரிய துண்டாக வைத்தால் அமுங்கவே இல்லை. துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க அமுக்கம் கூடியது. பெட்டியை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஸ்டீல் ஸ்கேலால் உயரம் பார்த்து, தேவையான அளவு வந்ததும் நிறுத்தினேன்.

இந்தத் துண்டுகளை ஸ்டாண்டின் அடியில் வைக்கவில்லை. உயரமான ஸ்டாண்ட் மெத்தையில் நின்றால் ஆடும். ஆட்டத்தை ஒழிக்கத்தானே போல்டும் லேத்தும். தரையில் கூர், பெட்டிக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் மெத்தை. பெட்டி குட்டையானது, ஆடாது. இப்போது அதே தவிலை ஓடவிட்டுக் குழாயில் கை வைத்தால் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை. வலந்தலையின் விரல் வேலை முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. தட்டும் சத்தம் போனதால் வந்த தெளிவாகவே அது இருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாவது ஸ்டாண்டும் முடிந்தது. மட்டம் பார்த்த பிறகு ஒவ்வொரு போல்டிலும் இன்னொரு நட்டைச் செக் நட்டாகப் போட்டு இறுக்கினேன். இல்லாவிட்டால் அதிர்விலேயே மரை மெல்லத் தளரும். தகட்டுத் துண்டுகளின் அடியில் பழைய கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது, டைலில் கீறல் விழாது. ரப்பர் துண்டுகளின் உயரத்தை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி அளந்து, தளர்ந்திருந்தால் புதுச் செருப்பு வெட்ட வேண்டும்.