நடுவில் நிற்கிற பையன்

கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்வது சுலபம் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. கதையில் நான் சொல்வது பொய் என்று தெரிந்துதான் வாசகர் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார். அங்கே யாரும் ஏமாறுவதில்லை. எதிரே படுத்திருக்கிற ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பொய் வேறு ரகம். 2022-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அப்படி ஒரு பொய்யை என் பால்ய சிநேகிதனிடம் நான் சொன்னேன்.

அவன் பெயர் வேண்டாம். சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். இருவருக்கும் சொந்த ஊர் கடலூர் முதுநகர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுகொண்டேன். அவன் மேலே படித்தான். என் கதை எது அச்சில் வந்தாலும் மறுநாள் போன் செய்வான். "அஞ்சாம் பக்கத்துல அவளுக்கு இருபத்தெட்டு வயசுங்கறே. பன்னெண்டாம் பக்கத்துக் கணக்குப்படி முப்பத்தொண்ணு ஆவுதே, எப்படி?" என்பான். இதைத் தவிர என் இலக்கியத்தைப் பற்றி அவனுக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது.

அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. பித்தம் என்றார்கள். கண்ணாடியை மாற்றினான். ஒரு நாள் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, டஸ்டரைப் பிடித்திருந்த இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளைகள் கண்ணெதிரே விழுந்துவிட்டான். ஸ்கேனில், மூளையின் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது.

பரிசோதனைக்கு அனுப்பிய சதைக்குப் பத்து நாள் கழித்துப் பெயர் வந்தது: க்ளையோபிளாஸ்டோமா, நான்காம் தரம். மூளையிலேயே பிறக்கிற கட்டிகளில் மிகப் பொல்லாதது. டாக்டர் அவன் மனைவியையும் என்னையும் மட்டும் அறைக்குள் அழைத்து, "கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டோம். தெரியாதது பாக்கி இருக்கிறது" என்றார். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, சாதாரணக் கட்டி, எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க. எனக்கு வாயே வராது. நீங்க கதை எழுதறவங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

உள்ளே போனேன். சொன்னேன். அவன் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியா, சரி" என்றான்.

சோதனையாக அந்த வாரம் அவன் உடம்பும் என் பொய்க்குச் சாட்சி சொல்லிற்று. தலைவலி போயிற்று. இடது கை நன்றாக அசைந்தது. மூன்று இட்லிக்காரன் ஏழு இட்லி சாப்பிட்டான். அது டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தின் வேலை. கட்டியைச் சுற்றி மூளையில் உண்டாகிற வீக்கத்தை அது வற்ற வைக்கும், பசியைக் கிளப்பும், முகத்தை உப்ப வைக்கும். கட்டியை அது ஒழிப்பதில்லை. "பாத்தீங்களாண்ணே, தெளிஞ்சிட்டாரு!" என்று அந்தப் பெண் சிரித்தபோது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றிரவு கடலூருக்குத் திரும்பியவன், தூக்கம் வராமல், இந்த வியாதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மூளைக் கட்டிக்கு நவீன முறையில் கத்தி வைத்த முதல் ஆபரேஷன்களில் ஒன்று 1884-ல் லண்டனில் நடந்தது. ரிக்மன் காட்லீ என்ற சர்ஜன் ஒரு விவசாயியின் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார். இருபத்தெட்டாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். 1928-ல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி என்பவர் கட்டி இருந்த வலது பாதி மூளையையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் அது திரும்பி வந்தது. காரணம், இது உருண்டையாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற கட்டி அல்ல. வயலில் கோரை மாதிரி. மேலே தெரிகிறதைப் பிடுங்கினாலும், கிழங்கு நல்ல பயிரின் வேரோடு வேராக எங்கெங்கோ ஓடியிருக்கும்.

நம் தேசத்தில் மூளை ஆபரேஷனுக்கென்று தனி இலாகா 1949-ல்தான் வேலூரில் டாக்டர் ஜேகப் சாண்டியால் ஏற்பட்டது. அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதை ஆரம்பித்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவர் பிறந்தது சீர்காழியில்; கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சனங்கள் இந்த வியாதியைப் பேய் என்றும் பைத்தியம் என்றும் சொல்லிக்கொண்டு செத்திருப்பார்கள்.

2005-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிதான் இன்றைய வைத்தியத்துக்கு அடிப்படை. 573 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றதற்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற மாத்திரையும். முதல் பிரிவில் பாதிப் பேர் 12.1 மாதத்துக்குள் போய்விட்டார்கள். இரண்டாவதில் அது 14.6 மாதமாயிற்று. எனக்கு அந்தப் பதினாலரைதான் கண்ணில் பட்டது. விரலை விட்டு எண்ணினேன். மறு வருஷம் ஐப்பசி வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

கதிர்வீச்சை நம் ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம், முப்பது தடவை. வெந்நீரில் இளக்கிய ஒரு வலைத்தகட்டை முகத்தில் அழுத்தி முகமூடி செய்கிறார்கள். தினமும் அதைப் போட்டுத் தலையை மேஜையோடு பூட்டிவிடுவார்கள். விஷயம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்திருந்தார்கள். நாலாவது வாரம் நான் பார்க்கப் போயிருந்தேன். அவள் காப்பி வாங்க வெளியே போனாள். அவன் மாத்திரை டப்பாவை என் மடியில் போட்டான்.

"இதுல பேர் அச்சடிச்சிருக்கு. என் கையில போனும் இருக்கு. சாதாரணக் கட்டிக்கு முப்பது தடவை கரண்ட் வைப்பாங்களாடா?"

நான் பேசவில்லை.

"நீ சொன்ன அன்னிக்கே நான் நம்பலே. அவளுக்காக நம்பற மாதிரி நடிச்சேன். அவ எனக்காக நடிக்கறா. ராத்திரி பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு, ரெண்டு பேரும் தனித்தனியா அழுவறோம். இதுதான் நீ செஞ்ச உபகாரம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பதினாலரை மாசம்னு போட்டிருக்காங்கடா" என்று உளறினேன். அதைக் கேட்டு அவன் வாத்தியாராகிவிட்டான்.

"அட மக்கு! அது இடைநிலை அளவுடா. பிரேயர்ல பசங்களை உயர வரிசையில நிறுத்தறோம் இல்லே? சரியா நடுவுல நிக்கற பையனோட உயரம்தான் அது. அவனுக்கு அப்பாலயும் பாதிப் பேர் நிக்கறான். அவனை அளந்து பாத்துட்டு, கடைசிப் பையன் என்ன உயரம்னு சொல்ல முடியுமா? மாத்திரை சாப்பிட்டவங்கள்ல ரெண்டு வருஷம் தாண்டினது நூத்துக்கு 26 பேர். அஞ்சு வருஷம் தாண்டினது கிட்டத்தட்ட பத்துப் பேர். கரண்ட் மட்டும் வச்சவங்கள்ல அது ரெண்டு பேர்தான். நான் எந்த இடத்துல நிக்கறேன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நல்லதையே நம்பறதுக்கு இது போதும்; ஏமாறாம இருக்கறதுக்கும் இது போதும்."

காப்பியோடு வந்தவளை உட்கார வைத்து, "எனக்கு எல்லாம் தெரியும் புள்ளே" என்றான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் காரியங்கள் நடந்தன. முதுநகரில் அப்பா பேரில் கிடந்த வீட்டுப் பட்டாவை மாற்றினான். பி. எஃப். தாள்களில் கையெழுத்துப் போட்டான். பிளஸ் டூ படித்த மகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை. அந்த நாட்களில் வாந்தியும் சோர்வுமாகக் கிடப்பான். மீதி நாட்கள் அவனுடையவை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எத்தனையோ.

2023 ஐப்பசியில் கட்டி மறுபடி தலை காட்டிற்று. இரண்டாம் ஆபரேஷன் செய்யலாம். எவ்வளவு பயன் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். எல்லாவற்றையும் அவனே கேட்டுக்கொண்டு, "வேண்டாம். வீட்டில் இருக்கிறேன்" என்று அவனே தீர்மானித்தான். என் பொய் நீடித்திருந்தால் இந்தத் தீர்மானத்தை அவனுக்காக நாங்கள் அல்லவா செய்திருப்போம்! 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டார். அந்த மார்கழியில் சக்கர நாற்காலியில் கீழவீதிக்குத் தள்ளிக்கொண்டு போய் நடராஜர் தேரைக் காட்டினோம். "நடுவுல நிக்கறவனைத் தாண்டிட்டேன்டா" என்றான். 2024 பங்குனியில், கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருந்து, தன் வீட்டில் கண்ணை மூடினான். மொத்தம் பத்தொன்பது மாதம்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று நோயாளியை முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், பிரியத்தில் செய்தாள். எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை. உண்மையைச் சொல்லப் பயந்தேன். பயத்துக்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நூற்றிருபது வருஷம் உலகமெல்லாம் எத்தனையோ பேர் பாடுபட்டு, இருபத்தெட்டு நாளைப் பதினாலு மாதமாக்கியிருக்கிறார்கள். அப்படிச் சம்பாதித்துக் கொடுத்த மாதங்களில், அவன் பங்குக்கு வந்த பத்தொன்பதில், இரண்டை நான் வீணாக்கினேன். கணக்கில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் சொல்ல இப்போது யாரும் போன் செய்வதில்லை.