தொப்பியின் ஒலி

எங்கள் தந்தையார் மிருதங்கம் வாசித்தவர். 1991-இல் வீட்டுக் கூடத்தில் பதிவான ஓர் ஒலிநாடா மட்டுமே அவர் வாசிப்பில் எஞ்சியது. சிறிய ஸ்பீக்கர்களில் அதைக் கேட்கும்போதெல்லாம் வலந்தலை மட்டும் கணீரென்று ஒலிக்கும். தொப்பியில் அவர் அழுத்தி இழுக்கும் கும்கி இருக்கும் இடமே தெரியாது. பாதி மனிதரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தம்பி இருவரும் ஒரு சப்வூஃபர் பெட்டி செய்யத் துணிந்தது அதனால்தான். இருவருமே தமிழ் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே எழுப்பும் ஒலிக்கு நேர் எதிரானது அது பின்னே எழுப்பும் ஒலி. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூடிய பெட்டி பின்னொலியைச் சிறை வைக்கிறது. குழல் வைத்த பெட்டியோ அதை, குழலின் ஒத்திசைவை ஒட்டிய ஒலிகளில், திசை திருப்பித் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போலவும் குழலுக்குள் நிற்கும் காற்று அதில் தொங்கும் எடையைப் போலவும் இயங்குகின்றன. காலிப் புட்டியின் வாயில் ஊதியவர்க்கெல்லாம் இது தெரிந்ததே. இந்த முறைக்கு ஆல்பர்ட் துராஸ் 1932-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1961-இல் ஆஸ்திரேலியரான நெவில் தீல் அதற்குத் திட்டமான கணக்கு எழுதினார்.

நாங்கள் அந்தக் கணக்கைப் படிக்கும் முன்பே பெட்டியைச் செய்துவிட்டோம். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, 10 அங்குல ஸ்பீக்கர், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் வெட்டிய 7 சென்டிமீட்டர்த் துண்டு. (அதற்குக் 'குழல்' என்று பெயரிட்டோம், ஆசாரி 'பைப்பு' என்றார், பைப்பே நிலைத்தது.) நாடாவை ஓட்டினோம். கும்கி கேட்டது, ஆனால் எல்லா அடியும் ஒரே 'தொம்'. அப்பாவின் கை வளைத்த ஒலிகளையெல்லாம் பெட்டி தன் ஒரே சுருதியில் விழுங்கியது. வாசித்தது அவரல்லர், பெட்டி. துளைக்குள் ஒரு பழைய துண்டைத் திணித்துப் பார்த்தோம், 'தொம்' அடங்கியது. குற்றவாளி பைப்புதான்.

பிறகுதான் கணக்கு. எங்கள் ஸ்பீக்கரின் சொந்த ஒத்திசைவு 28 ஹெர்ட்ஸ். அதன் அதிர்வுத் தடையைச் சொல்லும் க்யூ.டி.எஸ். 0.38, அதன் தொங்கலின் நெகிழ்ச்சிக்கு ஈடான காற்று, அதாவது வாஸ், 85 லிட்டர். இப்படியொரு ஸ்பீக்கருக்கு, வாஸின் பத்தில் ஏழு பங்கு பெட்டியும் அதன் சொந்த ஒத்திசைவிலேயே குழலும் அமைந்தால் ஒலி மேடு பள்ளமின்றி இறங்கும் என்கிறது தீலின் அட்டவணை. ஆக, 60 லிட்டர், 28 ஹெர்ட்ஸ். எங்கள் பெட்டியின் அளவு தற்செயலாகச் சரியாகவே இருந்தது. 7 சென்டிமீட்டர்க் குழலோ அதை 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்க வைத்திருந்தது. வேண்டியது ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். பெட்டியின் ஆழமோ 42. நடுவில் ஓர் எல்போ வைத்து வளைத்தோம்.

28 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தியபோது கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றது. குழலின் வாயருகே வைத்த ஊதுபத்திப் புகைதான் துடித்தது. உழைப்பது குழல் என்று கண்ணாரக் கண்டோம்.

நாடாவில் கும்கி இப்போது வளைந்து இறங்கியது. அப்பாவின் இடது கை அங்கே இருந்தது. கூடவே, தாளத்தோடு ஒட்டாத 'தொப் தொப்' என்றோர் ஒலியும் வந்தது. பலகை அதிர்கிறதோ என்று இரண்டு நாள் திருகாணிகளை முறுக்கினோம். மூலைகளில் பசை பூசினோம். குழலைக் கழற்றி மாட்டினோம். அது போகவில்லை.

மூன்றாம் நாள் அம்மா சமையலறையிலிருந்து வந்து சற்று நேரம் நின்று கேட்டார். "எதுக்குடா அந்தப் பொட்டியப் போட்டுப் பாடாப் படுத்துறீங்க? அன்னிக்குக் கொல்லையில நான் மாவு இடிச்சுக்கிட்டு இருந்தேன். சத்தம் போடாதேன்னு உங்கப்பா ரெண்டு தரம் எந்திரிச்சு வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றார்.