தாயின் கையில் ஒரு தொகை

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், விடியற்பனியில் லயத்தைவிட்டு இறங்கும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டே மலையேறுகிறாள். அவள் பறிக்கும் கொழுந்து கணக்கில் ஏறும். அவள் வளர்க்கும் பிள்ளை எக்கணக்கில் ஏறும்?

இம்மலைத் தேயிலையைப் பருகிய பிரித்தானியா, 1945ஆம் ஆண்டுச் சட்டத்தால், இரண்டாம் பிள்ளைமுதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங் வழங்க முன்வந்தது. எலினோர் ராத்போன் அம்மையார் வாதாடியவாறே அத்தொகை தாயின் கைக்குச் சென்றது. மலையகத் தாய்மாரிற் பெரும்பாலோரோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். உதவி கோருதற்கு முதலில் ஒரு நாடு வேண்டுமன்றோ?

இன்று குடியுரிமை உண்டு. 2023இல் தொடங்கிய அஸ்வெசும, குடும்பங்களை நால்வகைப்படுத்தி, தொடக்கத்தில் மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை வகுத்தது. அது பயனுடையதே. எனினும், அது குடும்பத்தின் வறுமையை அளந்து வழங்கப்படுவது. பிள்ளைக்கென அமைந்த உரிமையன்று.

கூலி பெறுவோர்க்கு உதவி எதற்கு எனச் சிலர் வினவுவர். கூலி உழைப்பின் விலை. வீட்டிற் பிள்ளைகள் பெருகுதல் கண்டு அது உயர்வதில்லை. அந்த இடைவெளியை இன்று நிரப்புவது தாயின் பசியே.

தேயிலைச் செடிக்கு உரமிடுதலை எவரும் தருமம் என்பதில்லை. பிள்ளைக்கென ஒரு தொகையைத் தாயின் கையில் வைத்தலும் அத்தகையதே.