பத்து சென்டிமீட்டர் தூரத்தில்

ஜூன் 3, திங்கள்

கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். 52 வயது. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. மனைவியும் கூட வந்திருந்தார். பல்வலியா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். கைக்குட்டை வாயை விட்டு இறங்கவே இல்லை. பேச்சுக்கு முன்னால் ஒரு தடித்த பைலை நீட்டினார்.

இரண்டு எண்டோஸ்கோபி. காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை, வருஷக்கணக்கில். ஹெலிகோபாக்டர் கிருமிக்கு ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக். பேதிக்குக் கொடுத்த சூரணத்தின் சீட்டுகூட அதில் இருந்தது. முன்பொரு நாள் ஸ்டாப் ரூமில் கூட வேலை பார்ப்பவர் ஒரு மிட்டாயை நீட்டி, “வயிறு சரியில்லையா சார்?” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வயிற்றுக்கே வைத்தியம். இத்தனை காகிதத்தில் ஒன்றில்கூட வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதைப் பார்க்கும்போதெல்லாம் மனது பொறுக்க மாட்டேன் என்கிறது. நாள்பட்ட வாய் நாற்றத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. உணவுக்குழாய் எப்போதும் திறந்து கிடக்கிற புகைபோக்கி கிடையாது. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் திறக்கும். வயிற்றிலிருந்து நாள் முழுக்க வாடை ஏறி வர வழி இல்லை. நெஞ்செரிச்சல்காரர்கள் சிலருக்குப் புளித்த வாடை வருவது உண்டு. ஆனால் வயிறு சுத்தமாகாமல் வாய் சுத்தமாகாது என்ற நம்பிக்கை எத்தனை பேரை வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது!

வாயில் கிராம்பு அடக்கியிருந்தார். அந்த வாசனையில் எதையும் பார்க்க முடியாது. பூண்டு, வெங்காயம், கிராம்பு, ஏலக்காய் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டு, புதன்கிழமை காலை பல் துலக்காமல், காபி குடிக்காமல் வரச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 5, புதன்

எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். இந்தச் சோதனையில் கருவி என் மூக்குதான். வாயுவை அளக்கிற மெஷின்கள் இருக்கின்றன, ஆனால் இன்றும் அவற்றைச் சரிபார்ப்பது மனித மூக்கை வைத்துத்தான். சுமார் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் நின்று முகர்ந்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

முதலில் வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னேன். வாடை இல்லை. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால். நான்கு. மூக்கில் மட்டும் வந்தால் சைனஸையோ மூக்கையோ சந்தேகப்பட வேண்டும். இரண்டிலும் வந்தால் நுரையீரல், ரத்தம் என்று உள்ளே போக வேண்டும். இவருக்கு வாய் மட்டுமே. பைலில் உள்ள அத்தனை காகிதத்துக்கும் இந்த அரை நிமிஷம் பதில் சொல்லிவிட்டது. சொன்னதும் அவர் நம்பவில்லை. அது நியாயம்தான்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ப்ரோபை விட்டு அளந்தேன். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் நல்ல ஈறு. இவருக்குக் கடைவாயில் எல்லாப் பக்கமும் ஐந்து, ஆறு. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஏழு. தொட்ட இடமெல்லாம் ரத்தம். அந்தப் பல்லில் போட்டிருந்த கேப்பின் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. அதன் அடியில் நூலை விட்டு எடுத்து, நூலை அவரிடமே நீட்டினேன். முகர்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இதா டாக்டரம்மா?” என்றார். இதுதான்.

நாக்கின் பின்பகுதியை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனால் வழித்தேன். மஞ்சளாக ஒரு படிவு வந்தது. காற்று புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் எச்சிலிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மெத்தில் மெர்காப்டனும் வெளியேறும். குளத்தின் அடிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை எழும்புவதும் அதே ஹைட்ரஜன் சல்பைடால்தான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டான்செடிச் இந்தக் கந்தக வாயுக்களைப் பிரித்து அளந்து காட்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊரில் இன்னும் கேஸ் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஈறு ஒரு நாளும் வலித்ததில்லை என்றார். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் அதன் ஆபத்து. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படக்கூடாது என்று வருஷக்கணக்காக அந்த இடங்களை விட்டுவிட்டுத் துலக்கியிருக்கிறார். பல்லில் படிந்த காரையை எடுத்தால் பல் ஆடும் என்று யாரோ சொல்லி அதையும் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை சோதித்து எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். நினைவில்லை. மூன்று மாத சராசரி பார்க்கச் சீட்டு எழுதினேன். கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்பட விடாது.

அவர் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தபோது அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். 

“எனக்குப் பத்து வருசமாத் தெரியும் டாக்டரம்மா. ஒவ்வொரு மாத்திரைக்கும் அப்புறம், ‘இப்ப இல்லைல்ல?’ன்னு கேப்பாக. இல்லன்னு சொல்லிருவேன். நாலு பேருக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கிறவுக. நா சொன்னா ஒடஞ்சு போயிருவாக.”

அன்பில்தான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இல்லை என்று சொல்லச் சொல்ல, மாத்திரை வேலை செய்கிறது என்று வாத்தியார் நம்பியிருக்கிறார். பிறகு பஸ்ஸில் யாராவது முகத்தைத் திருப்பியதும் அடுத்த டாக்டர். தன் வாய் வாடை தன் மூக்குக்கு எட்டாது, நாள் முழுக்க முகர்ந்து பழகிவிடும். இந்த நோயில் நோயாளிக்கு மற்றொருவரின் மூக்கைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. அந்த மூக்கு பொய் சொன்னால் வைத்தியம் தடம் மாறிப் போகிறது. இதை அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அழுதார்.

ஜூன் 7, வெள்ளி

நாலு வயதுப் பையன். வாய் நாறுகிறது என்று ஒரு மாதமாக அம்மா மவுத்வாஷ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பல்லில் ஒரு குறையும் இல்லை. வலது மூக்கில் மட்டும் கெட்டியான சளி. சிறு பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாறுகிற சளி வந்தால் மூக்கில் எதையோ போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். சாயங்காலம் போனில் சொன்னார்கள், ஒரு பாசிமணி. அந்த வயதுப் பிள்ளைக்கு மவுத்வாஷ் கூடாது, விழுங்கிவிடும் என்றும் சொல்லி வைத்தேன்.

ஜூன் 8, சனி

வாத்தியாருக்கு வலது பக்கம் மரத்துப்போகிற ஊசி போட்டு ஈறுக்கு அடியில் உள்ள காரையை எடுத்தேன். வெளியில் தெரிகிற மஞ்சள் காரையை எடுப்பது எளிது. கீழே வேரோடு ஒட்டியிருக்கும் கருங்காரைக்குத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். எடுத்துவிட்டு வேரை வழுவழுப்பாக்க வேண்டும்.

பிறகு கண்ணாடி முன்னால் நிறுத்தி நாக்கு வழிக்கக் கற்றுக்கொடுத்தேன். நாக்கு வழிக்கிற பழக்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. விடிகாலையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓங்கரிப்பார்கள். ஆனால் பெரும்பாலானோர் வழிப்பது முன்பாதியை மட்டும்தான். படிவு தங்குவது பின்பக்கம். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி, அழுத்தாமல் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் குமட்டல் குறையும். செம்பா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா என்பது முக்கியமில்லை. ரத்தம் வருகிற அளவு சுரண்டக்கூடாது.

பல் இடுக்குக்குச் சின்ன பிரஷ். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம், காலையும் இரவும், இரண்டு வாரத்துக்கு மட்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரைமணி கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். நாள்கணக்கில் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், ருசி மாறும். இதையெல்லாம் எழுதியும் கொடுத்தேன். நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெயும் போகாது, மவுத்வாஷும் போகாது என்றேன்.

ஜூன் 12, புதன்

இன்று வந்த பையனைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். 26 வயது, ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை. யாராவது மூக்கைத் தொட்டால், ஜன்னலைத் திறந்தால், இருமினால், எல்லாம் தன் வாயால்தான் என்கிறான். பஸ்ஸில் ஏறுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். மணிக்கட்டை நக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான் போல, தோல் சிவந்திருந்தது. பெண் பார்க்கப் போவதை இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறான்.

போன வாரம் ஒரு காலையும் இன்றும் பார்த்தேன். ஈறு சுத்தம், நாக்கு சுத்தம். தொண்டைச் சதையில் கல் இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் பூஜ்யம்தான்.

“ஒண்ணுமில்ல, போ தம்பி” என்று அனுப்புவது அவனுக்குச் செய்கிற துரோகம். நாலைந்து பேர் ஏற்கெனவே அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். 2000-ல் யாயெகாகி, காயில் என்ற இருவர் எழுதிய வகைப்பாட்டை நான் கைக்கொள்கிறேன்: உண்மையான நாற்றம், நாற்றம் இல்லாமலேயே இருப்பதாக எண்ணி விளக்கிச் சொன்னால் தெளிவடைகிறவர்கள், எதைச் சொன்னாலும் பயம் தீராதவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11-லும் தன் உடம்பு நாறுகிறது என்கிற இந்தத் தீராத நினைப்பு தனி மனநோயாகவே இடம்பெற்றிருக்கிறது. மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு.

அவனிடம் சொன்னேன்: “உன் வாயில வாடை இல்ல தம்பி. ஆனா நீ படுற கஷ்டம் நெசம். அந்தக் கஷ்டத்துக்கு வைத்தியம் பாக்குறவங்க இருக்காங்க.” மனநல மருத்துவர் என்றதும் முகம் சுருங்கிப் போனான். அவன் அக்காவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். வருவானா தெரியவில்லை.

வாத்தியாருக்கு இருந்தது, பத்து வருஷம் யாரும் சொல்லவில்லை. இவனுக்கு இல்லை, யார் சொல்லியும் நம்ப முடியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ரெப் ஒருவர் புது மவுத்வாஷ் சாம்பிள் வைத்துவிட்டுப் போனார். பாட்டிலில் முகம் சுளிக்கும் பெண்ணின் படம். லிஸ்டரினை 1879-ல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் உருவாக்கியது கிருமிநாசினியாகத்தான். 1920-களில் வாய் நாற்றத்தால் கல்யாணம் ஆகாமல் போன பெண்களைக் காட்டி விளம்பரம் செய்தார்கள், விற்பனை எகிறியது. நூறு வருஷமாக அதே பயத்தை விற்கிறார்கள். அந்த 26 வயதுப் பையன் பையில் எப்போதும் மூன்று வகை ஸ்பிரே வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது அந்தப் பாட்டிலை மேசையில் வைத்திருக்க மனம் வரவில்லை. பீரோவில் உள்ளே தள்ளினேன். கிளினிக்கில் அந்தப் படத்தை ஒட்டவிட மாட்டேன்.

ஜூன் 22, சனி

ஒரு பாட்டி. பல் செட்டைக் கழற்றாமலே தூங்குகிறார். அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் போடுகிற மாத்திரைகள் எச்சிலை வற்றச் செய்திருக்கின்றன. எச்சில்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது. அது குறைந்தால் வாடை கூடும். அதனால்தான் விரதத்திலும் விடிகாலையிலும் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். இரவில் செட்டைக் கழற்றி, தேய்த்து, தண்ணீரில் போடச் சொன்னேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்க வேண்டும். புகையிலை போடுவது தெரிந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. வாடையை அப்புறம் பார்க்கலாம், திங்கட்கிழமையே பயாப்ஸிக்குப் போக வேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

வாத்தியாரும் அந்த அம்மாவும். இடது பக்கமும் போன மாதமே முடித்து, பழைய கேப்பையும் கழற்றிவிட்டேன். கைக்குட்டை இன்று சட்டைப்பையில் இருந்தது.

அளந்தேன். பெரும்பாலும் மூன்று, நான்கு. ரத்தம் இரண்டு இடத்தில் மட்டும். வீக்கம் வடிந்ததால் பல் நீண்டமாதிரி தெரிகிறது, இடுக்கில் காற்று போகிறது, குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது என்றார். காரை எடுத்தால் பல் ஆடும் என்று ஊரில் சொல்வதற்கு இதுதான் காரணம். இடைவெளியை உண்டாக்கியது நோய், காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது. கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதினேன். சர்க்கரையின் மூன்று மாத சராசரி 8.4. இத்தனை டாக்டர்களைப் பார்த்தவருக்கு இது இப்போதுதான் தெரிகிறது. மாத்திரை தொடங்கிவிட்டார்.

முகர்ந்து பார்த்தேன். ஒன்று, கூடிப்போனால் ஒன்றரை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு. இருக்கா?”

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. “கொஞ்சம் இருக்கு. காலையில மட்டும். இடது பக்கமாப் படுத்து எந்திரிச்சா.”

அவர் தலையாட்டினார். ஏழு மில்லிமீட்டர் இருந்த அந்த இடது கடைவாய்ப் பல் இன்னும் ஆறில்தான் நிற்கிறது. அந்த அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது.

இனி வாரம் ஒரு காலை அவர் கேட்க வேண்டும், இவர் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். கேஸ் மாத்திரை இனியும் தேவையா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அக்டோபரில் திரும்ப அளக்க வேண்டும். ஆறு இறங்காவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய மதுரைக்கு அனுப்புவேன். அந்த 26 வயதுப் பையனின் அக்கா நாளைக்கு வருவதாகப் போன் செய்திருக்கிறார்.