சித்தப்பா சொன்ன காட்ஸில்லா

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1985-ல் சிங்கப்பூரிலிருந்து ஒரு டெக்கும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய எங்கள் தெருவே அன்றிரவு பட்டாசலையில் கூடிவிட்டது. காட்ஸில்லா படம். ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல, டிவிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து சித்தப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

முதலில் வந்தது சத்தம்தான். அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற உறுமல். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து அதை உண்டாக்கினார் என்று பின்னால் படித்தேன். அன்று நான் அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு வேறொரு சந்தேகம். வெள்ளைக்காரரிடம் பேசும்போது மட்டும் அந்த ஜப்பான் பெண்ணின் பிடரிதான் தெரிகிறது, முகத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறாளே? "வெக்கமா இருக்கும்ல" என்றார் சித்தப்பா. அது வெட்கமில்லை, அவள் வேறு ஆள். 1954-ல் இஷிரோ ஹோண்டா ஜப்பானில் எடுத்த படத்தில் வெள்ளைக்காரரே கிடையாது. அமெரிக்காவில் 1956-ல் வெளியிட, ரேமண்ட் பர் என்ற நடிகரைப் பத்திரிகையாளராக்கித் தனியே படம்பிடித்து இடையிடையே செருகினார்கள். ஜப்பானிய நடிகர்களைப் போல உடை போட்டவர்களை முதுகு காட்டி நிற்கவைத்தார்கள். 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருங்கியது. புதிய காட்சிகளைச் சேர்த்தும் அப்படி!

அப்பா வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். விடியுமுன் வள்ளம் இறக்க வேண்டும். "பொம்மைப் படம்ல இது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கடைசியில் மிருகம் கடலுக்கடியில் எலும்பாகக் கரைந்தது. இனி உலகம் நிம்மதியாக வாழலாம் என்கிற மாதிரி வெள்ளைக்காரர் முடித்தார். "ஏலே, செத்துட்டு. போய் ஒறங்குங்க" என்றார் சித்தப்பா. நிம்மதியாகத்தான் உறங்கினோம்.

ஜப்பானிய மூலம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாக வந்ததே 2004-ல்தான். அதன் பிறகு எனக்கும் பார்க்கக் கிடைத்தது. அதில் முதியவர் யமானே, கடலைப் பார்த்தபடி, அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா எங்காவது வரும் என்கிறார். எங்களுக்குக் கிடைத்த படத்தில் அது இல்லை. தீ சூழ்ந்த தெருவில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று தேற்றுகிறாள். அந்த வார்த்தைகளும் அன்று எங்களை வந்து சேரவில்லை.

வெட்டியவர்கள் மேல் எனக்கு முழுக் கோபம் இல்லை. அந்த வெள்ளைக்காரர் இல்லாவிட்டால் படம் எங்கள் தெருவுக்கு வந்தே இருக்காது. ஆனால் ரயில் காட்சியை நீக்கியதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. ரயிலில் போகிறவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள்: கதிர்வீச்சு பட்ட சூரை மீன், நாகசாகியில் தப்பிப் பிழைத்தது, இப்போது காட்ஸில்லா. ஒரு நிமிடம்கூட இருக்காது. 1954 மார்ச் 1-ல் அமெரிக்கா பிக்கினித் தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடித்தபோது, சூரை பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகில் 23 பேர் இருந்தார்கள். வெள்ளைச் சாம்பல் அவர்கள் மேல் மழையாகக் கொட்டியது. அதில் வானொலிப் பணி பார்த்த குபோயாமா செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீனைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். நவம்பர் 3-ல் படம் வெளியானது. பார்த்த ஜப்பானியர்களுக்கு அந்தப் பேச்சுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

போன வருஷம் சித்தப்பாவுக்கு ஜப்பானிய மூலத்தைப் போட்டுக் காட்டினேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சப்டைட்டிலை விரலால் தொடர்ந்து படித்துக்கொண்டே வந்தவர், ரயில் காட்சியில் நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார்.

"சூரையா சொல்லுதாவ?"

"ஆமா சித்தப்பா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அன்னைக்கு இருந்திருந்தா, ஒங்கப்பன எழுப்பிக் கூட்டியாந்து ஒக்கார வச்சிருப்பேன்."