கடலுக்குள் ஒரு குன்று

நீச்சல் என்றால் எனக்குக் காவேரிப் படித்துறையோடு சரி. அங்கேகூட ஒரு முழுக்குப் போட்டுத் தலை மறைந்தால், பாட்டி கரையிலிருந்து கூப்பாடு போடுவாள். அந்தக் கூப்பாடு ஐம்பது வயதிலும் என் காதை விட்டுப் போகவில்லை. ஆகவே, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது, வீட்டில் யாரும் நம்பவில்லை.

போனது அந்தமானில் ஹாவ்லக் தீவுக்கு. 2018-ல் அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து படகில் போனால் 'டிக்ஸன்ஸ் பினக்கிள்' என்று ஓர் இடம். மேலே பார்த்தால் வெறும் தண்ணீர்தான். அடியிலோ மூன்று பாறைக் குன்றுகள். உச்சியே ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில். அடிவாரம் 30 மீட்டருக்கும் கீழே.

ஆறு நாள் பாடம் முடிந்த பிறகுதான் அங்கே அழைத்துப் போனார்கள். வழிகாட்டியாக வந்த பையன் கரேன் இனத்தவன். 1925-ல் பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறியவர்களின் வம்சம். ஹிந்தியில் ஒரே விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்:

"எது நடந்தாலும் மூச்சைப் பிடிக்காதீர்கள், ஸார்."

காரணம் உண்டு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. 1943-ல் கூஸ்டோவும் கான்யானும் செய்துகாட்டிய கருவி, அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கிறது. அதை உள்ளே அடக்கிக்கொண்டு மேலே ஏறினால், காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பயந்தவன் முதலில் செய்வதே மூச்சைப் பிடிப்பதுதான். அது ஒன்றுதான் அங்கே கூடாது!

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கடலுக்குள் முதலில் மறைவது சிவப்பு நிறம். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிறு பழுப்பாகி, பிறகு கறுப்பாகிவிட்டது. கீழே குன்று நிழலாகத் தெரிந்த அதே சமயம், நீரோட்டம் என்னைப் பிடித்து இழுத்தது. கொடியில் காயும் வேட்டி மாதிரி கயிற்றில் படபடத்தேன். கை நழுவினால் எங்கே போவேன்? மூச்சு நின்றது.

பையன் என் தோள்பட்டை வாரைப் பற்றி முகத்துக்கு நேரே வந்தான். தன் வாயிலிருந்து கிளம்பும் குமிழிகளைச் சுட்டிக்காட்டினான். என்னிடமிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. ஊதினேன். குமிழிகள் கடகடவென்று மேலே ஓடின. என்னைப் பாறையின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போனான். அங்கே மழைக்கு ஒதுங்கிய திண்ணை போல ஒரே அமைதி.

அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. சந்தைக் கூடையில் மட்டுமே நான் பார்த்திருந்த பாரையும் சீலாவும் கூட்டம் கூட்டமாக ஓட்டத்தை எதிர்த்து நின்றன. ஒரு களவா, சவரக்கடை நாற்காலியில் சாய்ந்த மிராசுதார் மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருக்க, நீலக் கோடு போட்ட சின்ன மீன் ஒன்று உள்ளே புகுந்து சுத்தம் செய்துகொண்டிருந்தது. கோமாளி மீன் குடும்பத்தில் பெரியவள் பெண். அவள் போய்விட்டால் புருஷனே பெண்ணாக மாறிவிடுவான். இதை நான் நாவலில் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடல் விசிறிகள் எல்லாம் நீரோட்டத்துக்குக் குறுக்கே விரிந்திருந்தன. பையன் விளக்கைக் காட்டியதும் பவளமும் என் கயிறும் ஒன்றாய்ச் சிவந்தன. பவளம் செடியல்ல, பிராணி. இடம் பெயர முடியாத பிராணி. கடல் சூடேறினால்கூட ஓட வழியில்லை. 2010-ல் அந்தமானில் அப்படித்தான் ஏராளமான பவளம் வெளுத்தது. வேண்டிய இரையை ஓட்டம்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். என்னைக் கொண்டுபோகப் பார்த்த ஓட்டமேதான் அத்தனை பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று, பிறகு மேலே வந்தோம். படகோட்டி கை கொடுத்துத் தூக்கினான்.

"நடுவில் ஸாருடைய குமிழி நின்றுபோச்சே?" என்றான்.

"நீ பார்த்தாயா?"

"வேறென்ன வேலை எனக்கு? குமிழி வந்தால்தானே கீழே ஆள் இருக்கிறது தெரியும்!"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பாட்டி கத்தியது என்னைத் தடுப்பதற்கு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவளும் தலை தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.