முதலில் கூலி பாக்கி

பெரியப்பா தம் உயிலில் எனக்கு ஒரு செண்டு நிலம்கூட எழுதவில்லை. நிறைவேற்றுநர் என்று என் பெயரை மட்டும் போட்டிருந்தார். அழகர்கோவில் மலையடிவாரத்து மாந்தோப்பும் வீடும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கு. கருமாதி முடிந்த கையோடு, "எப்பண்ணே பிரிச்சுத் தருவீங்க?" என்று மூத்தவன் கேட்டான். வாங்கிக்கொள்வது அவர்கள், அலைவது நானா என்ற கசப்பு எனக்குள் இருந்தது, மறைக்கவில்லை.

வக்கீல்தான் விளக்கினார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்து முதலில் நிறைவேற்றுநரிடம்தான் வருகிறது. அனுபவிக்க அல்ல, கணக்குத் தீர்த்துக் கொடுக்க. ஈமச்செலவும் கடைசிநேர வைத்தியச் செலவும் முதலில். இறப்பதற்கு முந்தைய 3 மாதங்களில் உழைத்த கூலியாள், வீட்டுவேலை செய்தவர் ஆகியோரின் சம்பளம் மற்றக் கடன்களுக்கு முன்னால். கடன்களெல்லாம் தீர்ந்த பிறகே உயிலில் பெயர் உள்ளவர்களின் பங்கு. அதைக் கொடுக்க ஓராண்டு அவகாசமும் உண்டு. கடனை விட்டுவிட்டுப் பங்கைப் பிரித்தால், கடன்காரருக்கு நிறைவேற்றுநரே பதில் சொல்ல நேரும்.

தோப்புக் காவல்காரருக்குக் கூலி பாக்கி இருந்தது. அவர் வந்து கேட்கவில்லை. நான் போய் விசாரித்தபோது, "ஐயா இருந்தா குடுத்திருப்பாரு தம்பி. இப்ப யாருகிட்டப் போய்க் கேக்குறது?" என்றார். என்கிட்டத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். பெரியப்பா எனக்கு என்ன விட்டுப்போனார் என்பது அந்தக் களத்துமேட்டில்தான் விளங்கியது.

சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமி முன்னால் நகைக் கணக்கு ஒப்பிப்பதும், திரும்பியதும் சரிபார்ப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அதில் ஒரு குண்டுமணிப் பொன்கூடக் கருப்பனுக்குச் சொந்தமில்லை. அதனால்தான் அவரிடம் கணக்குச் சொல்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

தோப்பு, வீடு, வங்கி இருப்பு, கைமாற்று, கூலி பாக்கி என்று பட்டியல் எழுதித் தம்பிகள் இருவர் கையிலும் கொடுத்தேன். "காவலுக்கெல்லாம் அப்பா அப்பப்பவே குடுத்திருப்பாரு" என்றான் இளையவன். பெரியப்பாவின் வரவுசெலவு நோட்டை அவன் முன் விரித்தேன். மாசி வரைக்கும்தான் கொடுத்திருந்தார். சில மாதங்கள் அவன் என்னோடு பேசவில்லை, அது வலித்தது.

உயிலில் ஒருவருக்கு எழுதிய சொத்து அவருக்கு முழு உரிமையாக நிறைவேற்றுநரின் இசைவு வேண்டும். மாங்காய்க் குத்தகைப் பணத்தில் காவல்காரருக்கும் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும் தீர்த்து, ஒவ்வொருவரிடமும் ரசீது வாங்கிய பிறகே இசைவு எழுதிக் கொடுத்தேன். பட்டா மாறுதலுக்குத் தம்பிகள் மனுப் போட்டது அதற்கடுத்த வாரம்.